தண்டலுக்கு வட்டி எத்தனை?

மார்க்கெட்டில் கூறு போட்டுக் காய்கறி விற்கும் அம்மாவிடம் "மாசம் ஆறரை வட்டிக்குப் பணம் வேணுமா?" என்று கேட்டால் விரட்டிவிடுவார். நூற்றுக்கு மாதம் ஆறரை ரூபாய் என்பது எப்பேர்ப்பட்ட வட்டி என்று அவருக்குத் தெரியும். அதே அம்மா, சாயங்காலம் தண்டல்காரர் வந்ததும் சுருக்குப்பையை அவிழ்த்து நூறு ரூபாயை நீட்டுகிறார். அவர் அட்டையில் அன்றைய கட்டத்தில் கிறுக்கிவிட்டு அடுத்த கடைக்கு நகர்கிறார். வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஏறக்குறைய ஆறரை வட்டிதான்.

தண்டலின் வழக்கமான ஏற்பாடு இது: பத்தாயிரம் கடன். ஆயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொண்டு கையில் 9,000 தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஒன்பதாயிரத்துக்கு ஆயிரம் ரூபாய் வட்டி, அதாவது 11 சதவீதம், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல். பரவாயில்லையே என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் அந்த 9,000 ரூபாய் 100 நாளும் அவரிடம் இருந்ததா? முதல் நாளே நூறு திரும்பிப் போய்விட்டது. ஐம்பதாம் நாள் பாதிக் கடன்தான் மிச்சம். நாள்தோறும் கையில் நின்ற கடனைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சுமார் 4,700 ரூபாய் வருகிறது. அந்த 4,700-க்குத்தான் 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 77 சதவீதத்துக்கு மேல்! இதைக் கணக்கு வாத்தியார் மட்டுமல்ல, சட்டமும் கவனித்திருக்கிறது. அதீத வட்டி வசூலைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

வட்டி என்பது பணத்துக்கான வாடகை. கல்யாணத்துக்கு நூறு நாற்காலி எடுத்து, தினம் ஒன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசி நாள்வரை நூறுக்கும் வாடகை கட்டுவோமா? கடனில் கட்டுகிறோம். டூவீலர், டிவி, ஃப்ரிட்ஜ் தவணைகளில் அடிபடும் 'ஃபிளாட் வட்டி' இதேதான். ஒரு லட்சம் கடன், 12 சதவீத ஃபிளாட், 24 மாதம் என்றால் வட்டி 24,000. மாதத் தவணை 5,167. அவர்கள் கணக்குப்படியே கடைசி மாதம் பாக்கியிருக்கும் அசல் 4,167 ரூபாய்தான். அந்த மாதத்துக்கும் வட்டி 1,000 ரூபாய். குறைந்துகொண்டே வரும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் உண்மை வட்டி 21.6 சதவீதம். 'ஒரு வட்டி' என்று வாங்கியது, ஒன்றே முக்காலுக்கும் மேலே போய்விடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். எக்செல்லில் 'ரேட்' என்றொரு கட்டளை இருக்கிறது. எத்தனை தவணை, தவணைத் தொகை எவ்வளவு, கையில் வந்த பணம் எவ்வளவு என்ற மூன்றையும் கொடுத்தால் மாத வட்டியைச் சொல்லிவிடும். தவணைக்கு முன்னால் மைனஸ் போட மறக்கக் கூடாது. கடன் தொகையை அல்ல, பிடித்தம் போகக் கையில் வந்ததைப் போட வேண்டும். மறைந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2024 அக்டோபர் 1 முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தனிநபர் கடன்களுக்கு ஒரு விவரத் தாள் தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். கையெழுத்துப் போடும் இருபது பக்கங்களில் அந்த ஒன்றையாவது படித்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் கடன்களையெல்லாம் இப்படி 'நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய்' என்று ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் எதை முதலில் அடைப்பது என்ற குழப்பம் தீரும். தண்டல் ஆறரை. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டித் தள்ளிக்கொண்டு போனால் பல வங்கிகளில் மூன்றரை, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. 9 சதவீத வீட்டுக்கடன் முக்கால் வட்டிதான். பெரிய தொகை என்பதால் நம்மை மிரட்டும் வீட்டுக்கடனைவிட, கார்டில் தூங்கும் முப்பதாயிரம் வேகமாகக் கடிக்கும். உபரிப் பணம் முதலில் போக வேண்டியது அங்கேதான்.

அதையெல்லாம் அடைத்தபின் வீட்டுக்கடனுக்கு வாருங்கள். 30 லட்சம், 9 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 26,992. முதல் மாதத் தவணையில் 22,500 வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 4,492. ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினாலும் அசல் பாதியாக 14 ஆண்டு ஆகிறது! இங்கே யாரும் ஏமாற்றவில்லை. நிலுவை பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிது, அவ்வளவுதான்.

அதே காரணத்தால், ஆரம்பத்தில் அசலில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு வலு அதிகம். முதல் ஆண்டு முடிவில் ஒரு லட்சத்தைக் கூடுதலாகக் கட்டினால் கடைசியில் 19 தவணைகள் காணாமல் போகின்றன, அதாவது ஐந்து லட்சத்துக்கும் மேல். மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்க 2012-லேயே ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது. பணம் கட்டும்போது தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். மாதச் செலவுக்கு இழுபறி இல்லையென்றால் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.