எண் கூடினால் சுரப்பு கூடியதா?

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டை அடைந்தால், மார்கழிக் காலையில் எல்லோருக்குமே குளிரும். எனவே அவ்வூர்ப் பெண் ஒருத்தி "குளிருகிறது" என்று சொன்னால் மட்டும் மருத்துவர் அதை நோய்க்குறி என்று கொள்ளமாட்டார். "மற்றவர்கள் போர்வையை மடித்து வைத்த பிறகும் உனக்கு வேண்டியிருக்கிறதா?" என்று கேட்பார். ஓயாத சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி ஆகியவையும் சேர்ந்தால் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் மேல் ஐயம் எழும். இரத்தச் சோகையிலும் சோர்வு வரும். ஆகவே இரத்தப் பரிசோதனை தேவை.

சோதனைத் தாளில் டி.எஸ்.எச். 14 என்று இருப்பதாகக் கொள்வோம். இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. "தைராய்டு அதிகமாகிவிட்டது" என்பார்கள் வீட்டார். உண்மை நேர்மாறானது! டி.எஸ்.எச். தைராய்டின் சுரப்பு அன்று. மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, தைராய்டைத் தூண்டுவதற்காக அனுப்பும் ஹார்மோன் அது. இரத்தத்தில் தைராக்சின் குறைந்தால் தூண்டுதல் கூடும்.

உங்கள் வீட்டு மின் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். சூடு போதாதபோதுதான் சிறு விளக்கு எரிகிறது. போதிய சூடு ஏறியதும் அணைந்துவிடுகிறது. விளக்கு எரிவதால் பெட்டி நன்கு காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்வீர்களா? விளக்கே பழுதானால்? பெட்டி ஆறிக் கிடந்தாலும் எரியாது. அதுபோலப் பிட்யூட்டரியே பழுதுபட்டால், தைராக்சின் குறைந்தும் டி.எஸ்.எச். உயராது. அதனால்தான் இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

'இயல்பு அளவு' என்பதும் கல்லில் வெட்டிய கோடு அன்று. நலமுள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படிதான் அதைப் பொதுவாக வகுக்கிறார்கள். மீதி ஐவர் நலமாகவே வெளியே நிற்பார்கள்! எண் சிறிதே கூடியிருந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்ப்பது இதனால்தான். முடி வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை விழுங்குவோருக்குச் சில சோதனைகளில் எண்ணே பிழையாக வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கார்ட்டிசால் என்னும் ஹார்மோனோ காலையில் உயர்ந்து நள்ளிரவில் தாழ்வது. இரத்தம் எடுத்த நேரம் தெரியாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

மூளையில் நரம்புச் செய்தி கடத்தும் செரோட்டோனினையும் இப்படி அளக்கலாமே என்று கேட்பீர்கள். உடலிலுள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாவது. இரத்தத்திலிருந்து அது மூளைக்குள் நுழையவும் முடியாது. ஆகவே மனச்சோர்வை அறிய மருத்துவர் அந்த எண்ணைத் தேடுவதில்லை. எதிரே உட்காரவைத்துப் பேசுகிறார். ஆனால் அப்போதும் டி.எஸ்.எச். பார்த்து வரச் சொல்லக்கூடும். தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தோன்றுவதுண்டு.