சாமி படத்துக்கு சமிக்கி ஒட்டுறீங்களா? உஷார்!

கோவில்பட்டி,
பரணில் பழைய காலண்டர் சாமி படம் கிடக்கிறதா? தூக்கி எறியாதீங்க! நாடகத் திரை வரைய வந்து, கோவில்பட்டியிலேயே தங்கிவிட்ட ஓவியர் சி.கொண்டையா ராஜு (1898–1976) வரைந்த படமாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட படங்களுக்குப் பட்டுத்துணி, ஜிகினா, சமிக்கி, மணி வைத்து ஜோடிப்பது பழைய வழக்கம். ரவிவர்மா படங்களையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவசரப்பட்டால்... சாமி முகமே போச்சு!

மைதா பசையை அள்ளிப் பூசினால் தாள் ஊறிச் சுருளும். காய்ந்ததும் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் விருந்துக்கு வரும். கனமான மணியை வெறும் பசையில் ஒட்டினால், விழும்போது படத்தின் சாயத்தையும் பிய்த்துக்கொண்டு விழும்.

என்ன செய்யணும்?

பழைய அசல் படத்தில் கைவைக்காதீங்க. நகல் எடுத்து அதில் ஜோடியுங்கள். பின்னால் கெட்டி அட்டை கொடுத்து, மணியை அட்டையோடு சேர்த்து ஊசி நூலால் தையுங்கள். சமிக்கிக்கு ஈர்க்குச்சி முனையில் ஒரு பொட்டு பசை போதும். நன்றாகக் காய்ந்த பிறகே சட்டம் போடணும். கண்ணாடி மணியில் முட்டாமல் இருக்க, உள்ளே நாலு பக்கமும் மெல்லிய மரச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடி போடாத ஜிகினா படத்துக்குப் பக்கத்தில் விளக்கேற்றாதீங்க. தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவா வேண்டும்?