தரையின் ஈரமும் திட்டமிடலும்: கொங்கிறீற்றுத் தளம் பற்றிய சில குறிப்புகள்

இங்கிலாந்துத் தொழிலாளரின் நிலை குறித்து எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலிலே, மான்செஸ்ரர் நகரத்து நிலவறைக் குடியிருப்புகளின் ஈரம் விரிவாகப் பேசப்படுகின்றது. ஈரத்தை அவர் இயற்கையின் குறும்பாகக் கொண்டாரல்லர். வீட்டைக் கட்டுவோன் ஒருவனாகவும் அதில் உறங்குவோன் வேறொருவனாகவும் இருக்கும் உறவின் விளைவாகவே கண்டார். இலக்கிய மாணாக்கருக்குச் சீமெந்தோடு யாது தொடர்பு என வினவுவோர் உளர். மலையக எழுத்துகளில் இடம்பெறும் லயத்து அறையை ஒருமுறை நினைவுகூர்வார்களாயின் அவ்வினா எழாது.

கொங்கிறீற்று கல்லைப் போன்றது, நீர் அதனூடு செல்லாது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை வேறு. சீமெந்து நீருடன் இரசாயனமுறையிற் சேர்வதற்கு அதன் நிறையில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கு நீரே போதும். நுண்துளைகளிற் பிணைந்து நிற்கும் நீரையும் கூட்டினால் 0.4 அளவிலான விகிதம் வரும். வேலைத்தளத்திலோ, கலவை இலகுவாகப் பரவவேண்டுமென்று 0.6உம் அதற்கு மேலும் ஊற்றப்படுவதுண்டு. மிகுதி நீர் வெளியேறும்போது விட்டுச்செல்லும் துளைகளே பின்னர் ஈரத்தின் பாதைகளாகின்றன. மேற்புறமாக மட்டும் உலரும் தளம் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்பது அனுபவக் கணக்கு. நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம். நம்முடைய ஈரலிப்பான காலநிலையில் அதனினும் கூடலாம்.

இஃது உள்ளிருந்து வரும் ஈரம். நிலத்திலிருந்து வருவது மற்றையது. பருங்கற்களிடையே நீர் மயிர்த்துளைக் கவர்ச்சியாற் சில சென்ரிமீற்றரே ஏறும். களிமண்ணிலோ பல மீற்றர் ஏறவல்லது. நீராக ஏறுவதைத் தடுத்தபின்னரும் ஆவி நிற்பதில்லை. மேற்பரப்பு வறண்டு கிடப்பினும் தளத்தின் கீழுள்ள மண்ணிடைக் காற்று பெரும்பாலும் நிறையீரத்தை அண்மித்தேயிருக்கும். பழைய சாணத்தரையிலும் மெருகிட்ட சீமெந்துத் தரையிலும் இவ்வாவி கண்ணுக்குத் தெரியாது வெளியேறிற்று. அதன்மேல் ஆவிபுகாத வினைல் விரிப்பை ஒட்டுகையிற்றான் முரண்பாடு வெளிப்படுகின்றது: போக்கிடமற்ற ஈரம் விரிப்பின் கீழே திரள்கின்றது, சீமெந்தின் காரப்பொருள்கள் அதிற் கரைந்து பசையைச் சிதைக்கின்றன, விரிப்பு கிளம்புகின்றது. பழி மேசன் மீது விழுகின்றது!

பரிகாரம் தளத்தின் மேலன்று, கீழே தொடங்கவேண்டும். மலைச்சரிவை வெட்டியமைத்த மனையாயின், மேற்பக்கத்திலிருந்து வரும் நீரைக் கட்டடத்தை அணுகுமுன்னரே கானொன்றினால் திருப்பிவிடுதல் முதற்பணி. யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற்பாறை நிலத்திலோ மாரியில் நிலத்தடி நீர் மேலெழுவதால், அத்திவாரத்தின் உயரமே முதன்மை பெறும். அடுத்து, துகள் நீக்கிய உடைகற்களை நான்கு அங்குலம் பரப்பவேண்டும். துகள் கலந்தாற் பயன் கெடும். துகளே நீரை ஏற்றிவிடும். அதன்மேற் பொலித்தீன் விரிப்பு. 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ளது விரும்பத்தக்கது. மெல்லியது கம்பி முனையாலும் காலடியாலும் கிழியும். பொருத்துகள் ஆறங்குலம் ஒன்றன்மேலொன்று படிந்து ஒட்டப்படுதல் வேண்டும். குழாய்கள் ஊடுருவுமிடங்கள் அடைக்கப்படுதல் வேண்டும். ஓரங்கள் சுவரின் ஈரத்தடைப் படையுடன் இணையவேண்டும். இவ்விணைப்பு விடுபட்டால் சுவர்வழியே ஈரம் ஏறிக்கொள்ளும்.

விரிப்பின்மேல் மணல் பரப்பி அதன்மேற் கொங்கிறீற்று இடும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அம்மணலே நீரைத் தேக்கிவைத்துப் பல மாதங்கள் மேலே அனுப்புவது காணப்பட்டமையால், ஈரத்துக்கு இடங்கொடாத மேற்பூச்சு இடப்படும் தரைகளில் விரிப்பின்மேல் நேரடியாகவே தளத்தை இடுதல் நன்றெனக் கருதப்படுகின்றது. இதற்கும் விலையுண்டு: மேற்புறம் விரைந்துலர்ந்து சுருங்க, தளத்தின் ஓரங்கள் சற்றே வளைந்தெழலாம். குறைந்த நீர்க்கலவையும் முறையான பதப்படுத்தலும் அதனைத் தணிக்கும்.

மேற்கூறியவற்றுள் எதுவும் அரிய தொழினுட்பமன்று. கட்டடச் செலவில் விரிப்பின் பங்கு சிறியது. ஆயினும் முதலில் வெட்டப்படுவது அதுவே, ஏனெனில் மூடியபின் அஃது எவர் கண்ணுக்கும் புலப்படாது. உலரும் காலமும் அவ்வாறே ஒப்பந்தத்தில் இடம்பெறுவதில்லை. திறப்புவிழாத் திகதி மட்டும் இடம்பெறுகின்றது. பதினெட்டு அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றின் ஓரங்களைத் தரையில் ஒட்டிப் பதினாறு மணித்தியாலம் விட்டுப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. அடியில் நீர்த்துளி காணப்படின் மேற்பூச்சுக்குக் காலம் வரவில்லை. காணப்படாவிடினும் தளம் உலர்ந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. மேற்பரப்பின் செய்தியையே அது தரும். ஒருபுறம் மட்டும் உலரும் தளத்திலே, தடிப்பின் நாற்பது வீத ஆழத்தில் துளையிட்டு உள்ளீரத்தை அளத்தலே நம்பத்தக்கது.