கணிப்பொறியும் பாடவேளையும்

பெங்களூர் நகர மாவட்டத்தின் தென்பகுதியாகிய ஆனேக்கல் தாலூகாவில், சர்ஜாபுரத்தை அடுத்து, அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டில் கர்நாடகச் சட்டத்தின்கீழ் இது நிறுவப்பட்டது. இதற்கு ஆதாரமான அறக்கட்டளை, அதற்கு முன்னர்ப் பல ஆண்டுகள், அரசாங்கப் பள்ளிகளுக்கெனக் கணிப்பொறிப் பாடக் குறுந்தகடுகளைத் தயாரித்து அளித்துவந்தது. பின்னர் அவ்வேலையினின்று விலகி, ஆசிரியர்களின் திறனை வளர்ப்பதில் கருத்தைச் செலுத்தலாயிற்று. கணிப்பொறித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஒருவர் தோற்றுவித்த நிறுவனமே இவ்வாறு வழிமாறியது, கணிப்பொறி அறை பெற்ற பள்ளியினர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பள்ளியில் எத்தனை பொறிகள் உள்ளன என்பதைவிட, அவை யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதே முக்கியம். இதனை விளக்கும் பரிசோதனைகள் இரண்டு குஜராத்தில் நடைபெற்றன.

வடோதரா நகராட்சிப் பள்ளிகளுக்கு 2000ஆம் ஆண்டில் பள்ளிக்கு நான்கு வீதம் கணிப்பொறிகள் வழங்கப்பட்டன. அவற்றுட் பல உபயோகமின்றிக் கிடந்தன. (பெட்டி பிரிக்கப்படாத பொறிகளை நம் ஊர்களிலும் கண்டவர் உண்டு.) பின்னர் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம், நான்காம் வகுப்பு மாணாக்கர் வாரத்துக்கு 2 மணி நேரம், பொறிக்கு இருவராக அமர்ந்து, கணித விளையாட்டுகளில் ஈடுபட ஏற்பாடு செய்தது. கணித மதிப்பெண் முதலாண்டில் 0.35, இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. மொழிப்பாடத்தில் மாற்றம் இல்லை.

திட்ட விலக்கம் என்னும் சொல் புள்ளியியல் பயிலாதாரை மிரட்டக்கூடும். நூறு மாணாக்கரைத் தர வரிசையில் நிறுத்தினால் 50ஆம் இடத்திலுள்ள பிள்ளை 0.47 உயர்வினால் ஏறத்தாழ 32ஆம் இடத்துக்கு முன்னேறும் என்று கொள்க.

மற்றொரு பரிசோதனையே நமக்கு அதிகம் பயன்படுவது. லீ லிண்டன் என்னும் பொருளியலறிஞர் ‘கியான் சாலா’ நிறுவனத்தின் பள்ளிகளில், 2, 3ஆம் வகுப்புகளில் இதனை ஆராய்ந்தார். முதலில் வகுப்பு நேரத்தில் ஒரு பகுதியைக் கணிப்பொறிக்கு ஒதுக்கினர். மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் குறைந்தது. அதாவது 50ஆம் இடத்துப் பிள்ளை ஏறத்தாழ 72ஆம் இடத்துக்குப் பின்தங்கியது! பின்னர் அதே முறையைப் பள்ளி நேரத்துக்குப் புறம்பாக நடத்தினர். 0.28 உயர்வு கிட்டியது. பின்தங்கிய மாணாக்கர்க்கே அதில் பங்கு அதிகம்.

காரணம் தேட வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. அப்பள்ளிகளில் ஆசிரியர் போதனை ஏற்கெனவே செவ்வனே ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தது. நல்ல பாடம் நடைபெற்ற வேளையைப் பறித்துப் பொறிக்குக் கொடுத்ததில் பிள்ளைகள் இழந்ததே மிகுதி. பாடம் நடவாத வேளையைப் பொறி நிரப்பினால் கதை வேறு. ஆகவே பார்வையிடச் செல்லும் அலுவலர் பொறிகளை எண்ணிக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், கால அட்டவணையையும் கேட்டுவாங்கி, எந்தப் பாடவேளை அதற்காக வெட்டப்பட்டது என்பதையும் பார்த்தல் நலம்.

வடோதராவில், திட்டம் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் தேர்வு வைத்தனர். அப்போது எஞ்சியிருந்த உயர்வு சுமார் 0.10 மட்டுமே.