துணை மின்நிலையம் நவீனமாகிறது, பம்புசெட் தயாரா?

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மின்சாரமும் வருகிறது. ஆனால் கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் மோட்டார் காயில் கருகிவிடுகிறது. காயில் கட்டி வருவதற்குள் பயிர் வாடிவிடும். பல இடங்களில் இதற்குக் காரணம் குறைந்த மின்னழுத்தமும், மூன்று பேஸ்களில் ஒன்று விட்டுப்போவதுமே ஆகும்.

மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 வோல்ட் 10 சதம் குறைந்தால் முறுக்குவிசை 19 சதம் குறையும். அதே தண்ணீரை இறைக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுப்பதால் காயில் சூடேறும்.

நவீன நிலையத்தின் பயன்

துணை மின்நிலையத்திலிருந்து 11 கிலோ வோல்ட் மின்பாதைகள் கிராமங்களுக்குச் செல்கின்றன. பழைய ரிலே மின்சாரத்தைத் துண்டிக்குமே தவிர, பழுது எங்கே என்று காட்டாது. லைன்மேன் கம்பம் கம்பமாகத் தேட வேண்டும். புதிய எண்ணியல் ரிலே, பழுதின்போது ஓடிய மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. அதைக்கொண்டு பழுதுள்ள தூரத்தைக் கணிக்கலாம். மின்னழுத்தம் தாழ்ந்தால் டிரான்ஸ்பார்மரின் டேப் தானாகவே மாறும். தொலைவிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்தே பிரேக்கரை இயக்கவும் முடியும்.

குஜராத்தில் 2003ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய மின்பாதைகள் தனியே பிரிக்கப்பட்டன. இவ்வாறு பிரித்தால் பம்புசெட்டுகளின் பளுவைத் தனியாகக் கண்காணிக்கலாம்.

விவசாயிகள் கவனத்திற்கு

நிலையத்தில் மின்னழுத்தம் சரியாக இருந்தாலும் கிணற்றடியில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் அவசியம்.

1. மின்சாரம் வந்ததும் எல்லா ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒரே நேரத்தில் இயங்கினால் மின்னழுத்தம் சரிந்துவிடும். துவக்கத்தில் மோட்டார் வழக்கத்தைப் போல் 5 முதல் 7 மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ளவர்கள் கூடிப் பேசி, டைமர் மூலம் சில நிமிட இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும்.

2. 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். கெப்பாசிட்டர் பொருத்தினால் மின்பாதையில் ஆம்பியர் குறையும். மின்னழுத்தம் சற்று உயரும்.

3. ஒரு பேஸ் விட்டுப்போனால் மோட்டாரை நிறுத்தும் தடுப்பானைப் பொருத்துவது, காயில் கட்டும் செலவை மிச்சப்படுத்தும்.

4. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று எண்ணித் தொடாதீர்கள். நவீன பிரேக்கர் தானாகவோ, தொலைவிலிருந்தோ எந்த நொடியிலும் மீண்டும் மின்சாரம் செலுத்தக்கூடும். ஆடுமாடுகளையும் அருகில் விடாமல், மின்வாரியத்திற்கு உடனே தெரிவியுங்கள்.

புதிய நிலையம் மின்சாரத்தைச் சீராக அனுப்பும். அது மோட்டார் வரை சீராக வந்து சேர மேற்கண்ட முறைகளே துணை நிற்கும்.