பிந்தி வரும் குரல் வேண்டாம்

பழைய தொலைபேசியில் பேசத் தொடங்கினால், பேசி முடிக்கும்வரை ஒரு தடம் முழுக்க அந்த அழைப்புக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். இணையத்தில் யாருக்கும் அப்படித் தனித் தடம் கிடையாது. நம் குரலைத் தொலைபேசித் தரத்தில் நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரியும் வரிசை எண்ணும் இட்டுப் ‘பாக்கெட்’டாக அனுப்புகிறார்கள். ‘அம்மா’ என்று சொல்லி முடிப்பதற்குள் ஏறக்குறைய இருபது பாக்கெட்டுகள் கிளம்பிவிடும். பின்னால் புறப்பட்டது முன்னால் போய்ச் சேர்வதும் உண்டு.

எதிர்முனையில் அவற்றைச் சில பத்து மில்லிநொடிகள் நிறுத்தி வரிசைப்படுத்துவது ஜிட்டர் பஃபர். அதற்குள் வராத பாக்கெட்டை அது தேடிப்போவதில்லை. முந்தைய ஒலியையே கொஞ்சம் இழுத்து இடைவெளியை நிரப்பிவிடும். ஒன்றிரண்டு குறைந்தால் காதுக்குத் தெரியாது. தாமதம்தான் பொல்லாதது. ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் குரல் போய்ச் சேர்ந்தால் நல்லது என்பது சர்வதேசப் பரிந்துரை. அதை வெகுவாகத் தாண்டினால் இருவரும் ஒன்றாகப் பேசத் தொடங்கி, ஒன்றாக நிறுத்தி, “சொல்லுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று திணற வேண்டியதுதான்.

இதை முதலில் தெளிவாக உணர்ந்தவர்களில் ஒருவர் கணினி அறிவியலாளர் டேனி கோஹன். 1974-இல் இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் அர்பாநெட் வலையில் அவரும் கூட்டாளிகளும் குரலை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த வலையின் இணைப்புகளுக்கு நொடிக்கு 50 கிலோபிட்தான் கொள்ளளவு. சாதாரண தொலைபேசிக் குரலுக்கோ 64 வேண்டும். அந்த டிசம்பரில் குரலை 3.5 கிலோபிட்டாகச் சுருக்கி, கலிபோர்னியாவுக்கும் மாசசூசெட்ஸுக்கும் இடையே பேசிக்காட்டினார்கள். எனக்கு இன்றும் வியப்பூட்டும் சாதனை இது.

தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும் ஏற்பாடு கோப்புகளுக்குச் சரி, பேச்சுக்கு ஆகாது என்று கோஹன் வாதாடினார். இணையத்தில் தரவை அனுப்பும் நெறிமுறையாக ஒன்றாக இருந்த டிசிபி, பின்னர் தொலைந்ததைக் கேட்டு வாங்கும் டிசிபி, வெறுமனே கொண்டுபோகும் ஐபி என்று இரண்டாகப் பிரிந்ததில் அந்த வாதத்துக்குப் பெரும் பங்குண்டு. தொலைந்ததைத் திரும்பக் கேட்காத யுடிபி என்ற நெறிமுறை 1980-இல் வந்தது. இன்று வாட்ஸ்அப் அழைப்பானாலும் 4ஜி அழைப்பானாலும் குரல் பெரும்பாலும் அதில்தான் போகிறது.

ஆனால் 4ஜி அழைப்பின் பாக்கெட்டுகளுக்குத் தொலைபேசி நிறுவனம் தன் வலையில் முன்னுரிமை தருகிறது; வாட்ஸ்அப் பாக்கெட் பொதுவாக வீடியோக்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கூட்டம் மிகுந்த இடத்தில் ஒரே போனில் ஒன்று தெளிவாகவும் மற்றொன்று விட்டுவிட்டும் கேட்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.