சின்னத் தொண்டை, பெரிய ஆபத்து



பிள்ளைக்குப் புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். இருமினால் அது சரியாகிவிடும். ஆனால் மூச்சுக் குழாயே அடைபட்டால் தலையில் தட்டி ஒரு பயனும் இல்லை. மூச்சு நின்ற நாலைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். அதற்குள் ஆம்புலன்ஸ் தோட்டத்துக்குள் வந்து சேருமா? ஆகவே, அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவரின் கைதான் வைத்தியர்.

வருமுன் காப்போம்

கைக்குழந்தையின் மூச்சுக் குழாய் ஏறக்குறைய நாம் உறிஞ்சிக் குடிக்கும் ஸ்டிரா அளவுதான். கடைவாய்ப் பல் முளைத்து, நன்றாக மென்று தின்னப் பழகும்வரை பிள்ளைகள் பலவற்றை அப்படியே விழுங்கிவிடும்.

"பாவம், ஆசைப்படுது" என்று முழுக் கச்சானைக் கையில் கொடுக்காதீர்கள். ஐந்து வயது வரை முழுக் கடலை, கெட்டி மிட்டாய் இரண்டும் வேண்டாம். ரம்புத்தான், லங்சாட் காலத்தில் கொட்டையை நீக்கி, சதையைச் சிறிது சிறிதாக நறுக்கிக் கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். மீனில் முள் பார்த்து ஊட்டுங்கள்.

பிள்ளை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டும், படுத்துக்கொண்டும் வேண்டாம். புட்டியைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகாதீர்கள். காசு, கோலி, ரப்பர் கொட்டை, வெடித்த பலூன், பொத்தான் பேட்டரி எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

அடைத்துவிட்டால்?

பிள்ளை சத்தமாக இருமினால் இருமட்டும், விடாமல் கவனியுங்கள். சத்தமே வராமல், அழ முடியாமல், உதடு நீலம் பாய்ந்தால் உடனே உதவுங்கள். இன்னொருவரை 999-க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை: உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்துங்கள். தலை தாழ்ந்திருக்கட்டும், தாடையைத் தாங்கிப் பிடியுங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்டுங்கள். வரவில்லையா? மல்லாக்கத் திருப்பி, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நெஞ்சின் நடு எலும்பை 5 முறை அழுத்துங்கள். குழந்தையின் வயிற்றை மட்டும் அமுக்கவே கூடாது.

ஒரு வயதுக்கு மேல்: முன்னால் குனிய வைத்து முதுகில் 5 முறை தட்டுங்கள். பிறகு பின்னாலிருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக 5 முறை அமுக்குங்கள்.

பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யுங்கள். பிள்ளை நினைவிழந்தால் தரையில் கிடத்தி, நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள்.

தண்ணீர் ஊற்றாதீர்கள். சோற்று உருண்டை கொடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் தேடாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும்.

பொருள் வெளியே வந்த பிறகும் பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள். புரை ஏறிய பிறகு இருமலும் இழுப்பும் நிற்கவில்லை என்றால், "சளிதானே" என்று தைலம் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கச்சான் பருப்பு நுரையீரலில் தங்கியிருக்கலாம்.

காலையில் நாம் வேலைக்குப் போன பிறகு, பிள்ளை பாட்டியிடமோ, ஆயாவிடமோ, பத்து வயது அக்காளிடமோதான் இருக்கிறது. இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். செம்பிறைச் சங்கம் முதலுதவி வகுப்புகள் நடத்துகிறது. நம் தோட்டத்திலும் ஒன்று வைக்கும்படி உங்கள் கிளைச் செயலாளரிடம் இன்றே கேளுங்கள்.